நிலவறையில் விளைந்த சங்கீதம்

1996-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16-ஆம் தேதி, லண்டன் நகரத்திலிருந்த மோ வாக்ஸ் என்னும் சிறியதோர் இசைத்தட்டுக் கம்பெனி, கடல் கடந்த கலிபோர்னியாவில் வசித்த இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவரின் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டது. ஜோஷ் டேவிஸ் என்பது அவருடைய இயற்பெயர். டிஜே ஷாடோ என்பது தொழிற்பெயர். ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர் ‘எண்ட்ரோடியூசிங்’. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக ஓடும் அந்த ஆல்பத்திலே டிரம்ஸ் முழங்குகிறது, பியானோ இழைகிறது, ஆர்கனும் கிதாரும் தந்தி வாத்தியக் கோஷ்டிகளும் வந்து வந்து மறைகின்றன. ஆயினும் அதற்கென்று ஒரு வித்வானும் வாத்தியத்தைக் கையில் எடுக்கவில்லை. நண்பர்கள் சிலர் கொடுத்த குரலை ஒதுக்கிவிட்டால், அதில் கேட்கும் ஒலி ஏறக்குறைய முழுவதும், பிறர் எப்போதோ, எங்கேயோ, வேறு எதற்காகவோ வாசித்துப் பதிவு செய்து, விற்றும் விற்காமலும் போய், பழைய ரெக்கார்டுக் கடைகளின் தூசியில் அடங்கிவிட்ட இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுக்கப்பட்டதே.

இப்படி உருவான ஒன்றைச் சிருஷ்டி என்பதா, திருட்டு என்பதா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. அந்த வாதத்தில் இறங்குவதற்கு முன், ஹிப் ஹாப் உலகத்தில் புரொட்யூசர் எனப்படுபவர் செய்யும் தொழில் எப்படிப் பிறந்தது, எந்த யந்திரங்களால் வளர்ந்தது, எந்தச் சட்டத்தால் திசை திரும்பியது என்பதைக் கிரமமாகத் தெரிந்துகொள்வது உசிதம். சினிமாத் துறையிலே போல அவர் முதலீடு செய்பவரல்லர். ராப் பாடகர் பாடுவதற்கு வேண்டிய தாளத்தையும் இசையையும் அமைத்துத் தருபவர். அந்தத் தொழிலின் சரித்திரத்தில் ‘எண்ட்ரோடியூசிங்’ பிறந்த காலம் மிகக் குறுகிய ஒரு சந்தி. இளைஞரின் மேதை ஒருபுறம் இருக்க, அந்த ஆல்பம் பத்து வருஷம் முந்தியும் பிறந்திருக்க முடியாது, பத்து வருஷம் பிந்தி அதே உருவத்தில் பிறந்திருக்கவும் முடியாது என்பது என் துணிபு.

தொழிலின் பூர்வீகம் நியூயார்க் நகரத்தின் வடகோடியிலுள்ள பிராங்க்ஸ். ராபர்ட் மோஸஸ் என்ற நகர நிர்மாண அதிகாரி வகுத்த நெடுஞ்சாலை, 1948-இல் தொடங்கி ஏறக்குறையக் கால் நூற்றாண்டுக் காலம் அப்பகுதியின் குடியிருப்புகளை ஊடறுத்துக்கொண்டு போனதும், வசதி படைத்தவர்கள் வேறிடம் சென்றதும், எஞ்சி நின்ற கட்டடங்களில் எழுபதுகளில் தீ மேல் தீ பற்றியதும் சேர்ந்து, பிராங்க்ஸின் தென்பாகத்தைப் பாழ்நிலமாக்கியிருந்தன. அங்கே 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதி இரவு, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில், ஜமைக்காவிலிருந்து சிறுவயதில் குடியேறிய கிளைவ் கேம்பெல் என்ற இளைஞர், தம் சகோதரி சிண்டி ஏற்பாடு செய்திருந்த விருந்துக்கு ரெக்கார்டு போட்டார். கூல் ஹெர்க் என்ற பெயரால் பிரசித்தி பெற்ற அவரை இக்கலையின் மூலபுருஷராகக் கருதுவது வழக்கம்.

ஹெர்க் கண்டுபிடித்தது ஒரு யந்திரமன்று, கூட்டத்தின் மனத்தை. ஃபங்க் பாட்டு ஒன்று ஓடும்போது, பாட்டும் ஊதுகுழல்களும் ஓய்ந்து டிரம்ஸ் மாத்திரம் தனித்து ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே நடனக்காரர்கள் காத்திருப்பதை அவர் கவனித்தார். ‘பிரேக்’ எனப்படும் அந்தச் சில விநாடிகளை நிமிஷக் கணக்கில் நீட்டுவதற்கு அவர் கையாண்ட உபாயம் எளியது: ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியுமுன்னே மற்றொன்றில் அதைத் தொடங்கிவிடுவது. பாட்டை இயற்றியவர் அலங்காரமாக வைத்த இடத்தை ரெக்கார்டு போட்டவர் பாட்டின் மையமாக்கிவிட்டார்; கேட்பவனே அமைப்பவனாகும் விந்தை அங்கே தொடங்கியது. எந்த ரெக்கார்டில் எந்த இடம் என்பதே தொழில் ரகசியமாகையால், போட்டியாளர் கண்ணுக்குத் தட்டின் பெயர் படாதிருக்கும் பொருட்டு, ஹெர்க் லேபிள்களை நீரில் ஊறவைத்து உரித்துவிடுவார் என்பது அத்தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பிற்காலத்தில் சட்டத்துக்கு அஞ்சி மறைத்த மூலங்கள், முதற்காலத்தில் சக தொழிலாளிக்கு அஞ்சி மறைக்கப்பட்டன.

அவருக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், தட்டின்மேல் அடையாளம் இட்டு, பிரேக் தொடங்கும் இடத்தைத் தாளம் பிசகாமல் பிடிக்கும் வித்தையைச் சாஸ்திரமாகவே ஆக்கினார். கிராண்ட் விஸர்ட் தியோடோர் என்ற சிறுவர், சுழலும் தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் ஒலியையே ஒரு வாத்தியத்தின் ஒலியாக்கினார். ‘ஸ்க்ராட்ச்’ என்று உலகெங்கும் வழங்குவது அதுவே. பட்டையினால் சுழலும் டர்ன்டேபிளில் தட்டைத் தடுத்து நிறுத்தினால் அது மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும். மோட்டாரே நேரடியாகச் சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற ஜப்பானிய டர்ன்டேபிள் 1972-இல் வெளிவந்து, அதன் திருத்திய பதிப்பு அத்தசாப்தத்தின் முடிவில் கடைகளுக்கு வந்த பிறகு, இந்தக் கைவேலைக்கு ஏற்ற கருவி கிடைத்தது.

ஆனால் இந்தக் கலை முதன்முதலில் தட்டில் ஏறியபோது தன் இயல்பை விட்டே ஏறியது. 1979-இல் வெளிவந்து நாடெங்கும் ஓடிய ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டில், ஷீக் கோஷ்டியின் புகழ்பெற்ற மெட்டு ஒன்றை ஸ்டூடியோ வாத்தியக்காரர்களே மறுபடி வாசித்தார்கள்; டர்ன்டேபிள்காரருக்கு அதில் இடமில்லை. 1981-இல் ஃப்ளாஷ் வெளியிட்ட ஏழு நிமிஷத் தட்டு ஒன்றிலேதான், பிறர் ரெக்கார்டுகளை டர்ன்டேபிள்களில் சுழற்றியே ஒரு முழு உருப்படியை அமைக்க முடியும் என்பது நிரூபணமாயிற்று. அதைக் கேட்டு மயங்கியவர்களில் இருவர், விளம்பரத் துறையைச் சேர்ந்த ஸ்டீவ் ஸ்டைனும் ஒலிப்பதிவாளரான டக் டிஃப்ராங்கோவும். 1983-இல் டாமி பாய் கம்பெனி நடத்திய போட்டிக்காக அவர்கள் பற்பல பாட்டுகளின் துணுக்குகளையும் சினிமா வசனங்களையும் கோத்து ஒரு தட்டைச் செய்து முதற்பரிசு பெற்றார்கள். தொடர்ந்து மேலும் இரண்டு செய்தார்கள். ‘லெஸன்’ என்ற பெயருடைய அம்மூன்றும், உரிமைப் பிரச்சினையால் முறையாக விற்பனைக்கு வராமலே, கையிலிருந்து கைக்கு மாறி, அடுத்த தலைமுறைக்கு உண்மையாகவே பாடநூல்களாயின. கலிபோர்னியாவிலே சிறுவனாக இருந்த ஜோஷ் டேவிஸ் அந்தப் பாடத்தை மனனம் செய்தவர்களில் ஒருவர்.

எண்பதுகளின் நடுவில் யந்திரம் பிரவேசித்தது. சாம்ப்ளர் என்பது, வெளியிலிருந்து வரும் எந்த ஒலியையும் எண்களாக மாற்றித் தன் நினைவில் வைத்துக்கொண்டு, பொத்தானைத் தட்டியவுடன் திருப்பிக் கொடுக்கும் கருவி. குயீன்ஸ் பகுதியைச் சேர்ந்த மார்லி மார்ல் என்ற புரொட்யூசர், பழைய தட்டிலிருந்து ஒரு டிரம்மின் ஒற்றை அடியை மாத்திரம் பிரித்தெடுத்துத் தாம் விரும்பிய தாளத்தில் அமைக்கலாம் என்று கண்டது பெரியதொரு திருப்பம். அதுவரை பிரேக்கை அப்படியேதான் எடுத்தாள முடிந்தது. இப்போது அதை உடைத்து அடியடியாக்கி, ஒருவர் வாசித்த டிரம்ஸைக் கொண்டு அவர் வாசிக்காத தாளத்தை உண்டாக்க முடிந்தது.

1987-இல் வெளிவந்த எஸ்பி-1200 என்ற யந்திரத்தின் நினைவில் மொத்தம் பத்து விநாடிக்குச் சற்று மேற்பட்ட ஒலியே அடங்கும். அந்தத் தரித்திரத்திலிருந்து ஓர் அழகே பிறந்தது. 33 சுற்று வேகத் தட்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்துகொண்டு, யந்திரத்துக்குள்ளே மறுபடி மெதுவாக்கினால், சிறிய இடத்தில் அதிக ஒலி அடங்கும்; அவ்வாறு மெதுவாக்கும்போது ஒலியில் ஒருவித மணலும் கரடும் சேரும். சிக்கனத்துக்காகச் செய்த தந்திரத்தின் பக்கவிளைவான அந்தக் கரடுமுரடான நாதமே அக்காலத்து ஹிப் ஹாப்பின் அடையாளமாயிற்று. மறு ஆண்டில், ரோஜர் லின் என்ற அமெரிக்கர் வடிவமைத்து ஜப்பானின் அகாய் கம்பெனி வெளியிட்ட எம்பிசி60, நான்குக்கு நான்காகப் பதினாறு ரப்பர்ச் சதுரங்களை விரல்முனையில் கொண்டுவந்து வைத்தது. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் ஒலி. அழுத்தித் தட்டினால் உரத்தும் மெல்லத் தட்டினால் மெலிந்தும் ஒலிக்கும். அது நினைவுப் பெட்டியாக மாத்திரம் இராமல், விரலின் லயத்தை ஏற்கும் வாத்தியமாகவும் ஆனதற்குக் காரணம் இதுவே.

இந்தக் கருவிகள் கைக்கு வந்த சில ஆண்டுகளைத் தொழிலின் வசந்தகாலம் என்று சொல்லலாம். பப்ளிக் எனிமியின் ஆல்பங்களில் ஒலியை அடுக்கடுக்காகக் குவித்த பாம் ஸ்குவாட் கோஷ்டி, 1989-இல் டி லா சோலின் முதல் ஆல்பத்தை அமைத்த பிரின்ஸ் பால், அதே ஆண்டில் பீஸ்டி பாய்ஸின் ‘பால்ஸ் பொட்டீக்’கில் நூற்றுக்கு மேற்பட்ட துணுக்குகளைப் பின்னிய டஸ்ட் பிரதர்ஸ் ஆகியோர், உலகத்து இசை முழுவதும் தங்கள் பிதிரார்ஜிதம் என்ற பாவனையில் அள்ளி வழங்கினார்கள். விலை கேட்பார் வரும்வரை எந்தச் சொத்தும் பொதுச்சொத்துத்தான். முதலில், அறுபதுகளில் பாடிய டர்டில்ஸ் கோஷ்டியைச் சேர்ந்தவர்கள் டி லா சோல் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அது சமரசத்தில் முடிந்தது. அடுத்து வந்த வழக்கு சமரசத்தில் முடியவில்லை. பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர், கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டொன்றின் பியானோப் பகுதியை அனுமதியின்றி எடுத்தாண்டதற்காக, 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் கெவின் டஃபி என்ற நீதிபதி, களவு செய்யாதிருப்பாயாக என்ற வேதக் கட்டளையை முதல் வாக்கியமாக வைத்துத் தீர்ப்பு எழுதினார். ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

அந்தத் தீர்ப்பின் விளைவைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அதற்குப் பின், பெயர் தெரிந்த பாட்டைத் தொட்டால் முன்கூட்டியே உரிமையாளரிடம் அனுமதி பெற்றுப் பணம் கட்ட வேண்டும்; ஒரு பாட்டில் இருபது துணுக்கு இருந்தால் இருபது பேரிடமும் போக வேண்டும். ஆகவே பெரிய கம்பெனிகளின் ஆதரவு பெற்றவர்கள், புகழ்பெற்ற ஒரே பாட்டை முழுமையாக எடுத்து அதற்கு மாத்திரம் பணம் கொடுப்பதை வழக்கமாக்கிக் கொண்டார்கள்; பலவற்றைச் சிறிது சிறிதாகப் பின்னும் நுட்பம் செலவு மிக்கதாகிப் பின்தங்கியது. பணமில்லாதவர்களுக்கு எஞ்சியது ஒரே வழிதான்: உரிமையாளருக்கே நினைவில்லாத தட்டுகளைத் தேடிப் போவது. ஏற்கெனவே 1986 முதல் 1991 வரை ‘அல்டிமேட் பிரேக்ஸ் அண்டு பீட்ஸ்’ என்ற பெயரில் இருபத்தைந்து தட்டுகள் வெளியாகி, பழைய பிரேக் ரகசியங்களை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கும்படி செய்துவிட்டன; எல்லோருக்கும் தெரிந்ததை எடுத்தாள்வது இழுக்கு என்ற கௌரவ உணர்ச்சியும் அதனால் சேர்ந்துகொண்டது. சட்டத்தின் அச்சமும் தொழிலின் மானமும் ஒரே திசையில் தள்ளின.

மூன்றாவது காரணம் வியாபாரத்தில் நேர்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அறிமுகமான சிடி, 1988-இல் அமெரிக்காவிலே நீள்தட்டு விற்பனையை மிஞ்சிற்று. மக்கள் வீட்டிலிருந்த கறுப்புத் தட்டுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். கடைக்காரர்கள் அவற்றை எண்ணாமலே வாங்கிக் கீழறைகளில் குவித்தார்கள். ஒரு நாட்டின் அரை நூற்றாண்டு இசை, குப்பை விலையில் இளைஞர்கள் காலடியில் வந்து விழுந்தது. மரப்பெட்டிகளில் அடுக்கியிருக்கும் தட்டுகளை நாள் முழுவதும் புரட்டித் தேடும் ‘டிக்கிங்’ என்ற பழக்கம் அப்போதுதான் தனிக்கலையாக முதிர்ந்தது. தேர்ந்தவர்கள் உறையின் பின்புறத்தைப் படித்தே, இந்த ஆண்டில் இந்த டிரம் வித்வான் வாசித்திருப்பதால் நல்ல பிரேக் இருக்கக்கூடும் என்று அனுமானிப்பார்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பள்ளங்களின் நிறபேதத்தைக் கொண்டே ஒலி அடர்ந்த இடமும் மெலிந்த இடமும் எவை என்று ஊகிப்பார்கள்.

1972-இல் பிறந்த ஜோஷ் டேவிஸ் வளர்ந்தது, கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவுக்கு அருகே, வயல் சூழ்ந்த டேவிஸ் என்னும் பல்கலைக்கழக ஊரில். நியூயார்க்கிலிருந்து மூவாயிரம் மைல் தொலைவில், வெள்ளையர் குடும்பமொன்றில் வளர்ந்த அந்தப் பையனுக்குக் கறுப்பு இளைஞர்களின் இந்தக் கலை வானொலி மூலமும் தட்டுகள் மூலமுமே எட்டியது. கற்பித்த குரு அருகில் இல்லை. கேட்ட ரெக்கார்டே குரு. பல்கலைக்கழக வளாகத்தின் கேடிவிஎஸ் வானொலியைச் சுற்றி ஒரு நட்புக் கோஷ்டி சேர்ந்தது. பிளாக்காலிஷஸ் என்ற பெயரில் பின்னர் புகழ் பெற்ற சீஃப் எக்ஸெல்லும் கிஃப்ட் ஆஃப் கேபும், லிரிக்ஸ் பார்னும், லத்தீஃபும், பிற்காலத்தில் ஹிப் ஹாப்பின் சரித்திரத்தை எழுதிய ஜெஃப் சாங்கும் அதில் இருந்தார்கள். சோல்சைட்ஸ் என்று தங்கள் சொந்தத் தட்டுக் கம்பெனிக்குப் பெயரிட்டார்கள். வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் கறுப்பர் கலையில் பேர் பெற்றார் என்ற விமரிசனத்தைப் பேசும்போது, அவர் அக்கலையைக் கடையில் வாங்கியவராக மாத்திரமன்றி, அதை வாழ்வாகக் கொண்ட தோழர்களிடையே பயின்றவராகவும் இருந்தார் என்பதைச் சேர்த்தே பேச வேண்டும். அவர்களை மிஞ்சி அவர் பெயர் பரவியதற்கு நிறமும் ஒரு காரணமா என்ற கேள்வியையும் அதனால் தள்ளிவிட முடியாது.

ஸ்டைனுக்கும் டிஃப்ராங்கோவுக்கும் வந்தனமாக 1991-இல் அவர் செய்த தட்டுக்கு ‘லெஸன் 4’ என்றே பெயர். பதினெட்டு வயதில் மோ வாக்ஸ் கம்பெனியைத் தொடங்கிய ஜேம்ஸ் லவெல், லண்டனிலிருந்தபடியே இவரை அடையாளம் கண்டு, 1993-இல் ‘இன்/ஃப்ளக்ஸ்’ என்ற நீண்ட உருப்படியை வெளியிட்டார். பாடகரே இல்லாமல், தாளமும் உரைத் துணுக்குகளும் நிலை மாறி மாறிச் செல்லும் அந்தத் தட்டைப் பற்றி எழுதும்போதுதான், 1994 ஜூனில் மிக்ஸ்மேக் என்ற ஆங்கிலப் பத்திரிகை ‘ட்ரிப் ஹாப்’ என்று புதுப்பெயர் ஒன்றை அச்சில் ஏற்றியது. தாம் செய்வது ஹிப் ஹாப்பே என்பதில் உறுதியாக இருந்த ஷாடோவுக்கு அந்தப் பெயர் உவப்பாக இல்லை. சொற்களை நீக்கிவிட்டால் அது வேறு சாதியாகிவிடும் என்று எண்ணியவர்களுக்கு, பிராங்க்ஸில் அந்தக் கலை பிறந்ததே சொல்லினால் அன்று, தட்டினால் என்பது மறந்துபோயிற்று.

‘எண்ட்ரோடியூசிங்’ ஏறக்குறைய இரண்டு ஆண்டு உழைப்பின் பயன். டேவிஸ் ஊரிலிருந்த தம் குடியிருப்பிலும், சான்பிரான்சிஸ்கோவில் டேன் தி ஆட்டோமேட்டர் என்ற புரொட்யூசரின் வீட்டு ஸ்டூடியோவிலும் அவர் வேலை செய்தார். ஒரு டெக்னிக்ஸ் டர்ன்டேபிள், ஓர் எம்பிசி60, ஓர் ஏடாட் பதிவுக் கருவி ஆகிய மூன்றுமே முக்கியக் கருவிகள். மூலப்பொருள் பெரும்பாலும் சாக்ரமெண்டோவின் ரேர் ரெக்கார்ட்ஸ் என்ற கடையிலிருந்து வந்தது. அக்கடையில் பெட்டிகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் சீஃப் எக்ஸெல்லும் லிரிக்ஸ் பார்னுமே, பி ப்ளஸ் என்னும் பிரையன் கிராஸ் எடுத்த மேலட்டைப் படத்தில் காணப்படுகிறார்கள். ஆல்பத்தின் சொந்தக்காரர் முகம் அட்டையில் இல்லை. தேடுகிற செயலே அட்டையில் இருக்கிறது.

அந்தக் கடையின் நிலவறையில், கூரை தொட அடுக்கிய தட்டுக் குவியல்களிடையே அவர் உட்கார்ந்து பேசும் காட்சியை, 2001-இல் வெளியான ‘ஸ்க்ராட்ச்’ என்ற ஆவணப்படத்தில் காணலாம். அங்கே இருப்பவை பெரும்பாலும் நிறைவேறாத கனவுகள் என்றும், தட்டு வெளியிடும் எவரும் இன்னும் சில ஆண்டுகளில் இதே குவியலில் வந்து சேரவேண்டியவரே என்றும், ஆகையால் அவ்விடத்தில் இருக்கையில் அடக்கம் தானே வருகிறது என்றும் அவர் சொல்கிறார். சுடுகாட்டு வைராக்கியம் என்று நாம் சொல்வோமே, அதைப் போன்றதொரு ஞானம். ஆனால் சுடுகாட்டை விட்டு வந்ததும் கலைந்துபோகும் ஞானமாக இல்லாமல், அது ஆல்பத்தின் ஒவ்வோர் உருப்படியிலும் தங்கிவிட்டது.

உருப்படிகளைக் கூர்ந்து கேட்டால் அவருடைய முறை விளங்கும். ‘மிட்நைட் இன் எ பெர்ஃபெக்ட் வேர்ல்ட்’ என்பதில், ஃபின்லாந்து நாட்டு பேஸ் வித்வான் பெக்கா பொஹ்யோலாவின் ஒரு பகுதியும், ஆங்கிலக் கவி பிளேக்கின் நூலை ஆதாரமாகக் கொண்டு 1969-இல் டேவிட் ஆக்ஸல்ராட் அமைத்த பியானோப் பகுதியும், ஒரே அறையில் அமர்ந்து வாசித்தவை போல இசைந்து செல்கின்றன. ‘ஆர்கன் டோனர்’ என்பது ஜார்ஜியோ மொரோடரின் பழைய பாட்டொன்றின் ஆர்கன் ஒலியை வெட்டிப் பிணைத்தது. ‘ஸ்டெம்’ என்பதில் நிர்வாணா என்ற ஆங்கிலக் கோஷ்டி வருகிறது. பின்னாளில் அதே பெயரில் பிரபலமான அமெரிக்கக் கோஷ்டி வேறு. ஜெர்மனியின் டேஞ்சரின் ட்ரீம், ஐஸ்லாந்தின் பியார்க், இடிமுழக்க ராக் கோஷ்டியான மெட்டாலிகா என்று தேசமும் சம்பிரதாயமும் வேறுபட்ட மூலங்கள் வந்து சேர்கின்றன. இவை வந்து சேர்ந்தன என்பது பெரிதன்று. சேர்ந்த பிறகு ஒன்றின் ஸ்தாயியை மற்றொன்றுக்கு இசைவாக மாற்றி, டிரம்ஸை அடியடியாகப் பிரித்து, வாசித்தவர் கை அறியாத சந்தங்களில் அவற்றை நடத்தியிருப்பதே பெரிது. ஆரம்பத்தில் ஒலிக்கும் உருப்படி ஒன்றில், டிரம் வித்வான் ஒருவரின் பழைய பேட்டி இடையிடையே கேட்கிறது. ரெக்கார்டு கேட்டே தாம் பெரும்பாலும் சுயமாகக் கற்றதாகவும், இன்னும் தாம் மாணாக்கரே என்றும், ஆசிரியரும் ஆவார் என்றும் அவர் சொல்கிறார். ஷாடோ தம் சுயசரிதையை இன்னொருவர் குரலைக் கொண்டு சொல்லிவிட்டார். ஹிப் ஹாப் சீரழிந்ததற்குக் காரணம் பணமே என்று ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக அறிவித்துவிட்டு ஓயும் உருப்படி ஒன்றும் நடுவே உண்டு. அனுமதிக் கட்டணத்தால் தொழில் திரிந்த காலத்தை நினைத்தால், அது வெறும் குறும்பாகத் தோன்றாது.

பிரிட்டனில் ஆல்பம் விற்பனை வரிசையில் பதினேழாம் இடத்தைத் தொட்டது. நவம்பரில் அமெரிக்காவிலும் வெளியாயிற்று. முழுவதும் சாம்பிள்களால் அமைந்த முதல் ஆல்பம் என்று 2001-இல் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. 2006-இல் டைம் பத்திரிகை தேர்ந்தெடுத்த நூறு ஆல்பங்களில் அதுவும் ஒன்று. ஆர்ஜேடி2, ஆஸ்திரேலியாவின் அவலாஞ்சஸ் முதலியோர் சென்ற பாதையும், பாடகரின் துணையின்றிப் புரொட்யூசரே தம் பெயரில் ஆல்பம் செய்யலாம் என்று பின்வந்தவர்கள் கொண்ட துணிச்சலும் பெரிய அளவுக்கு இதிலிருந்து கிளைத்தவை. டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லா, தம் மரணத்துக்கு மூன்று நாள் முன், 2006 பிப்ரவரியில் வெளியிட்ட ‘டோனட்ஸ்’ ஆல்பத்தில் இந்தக் கலை இன்னொரு சிகரத்தை அடைந்தது. அவருடைய எம்பிசி யந்திரம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் ஆப்பிரிக்க அமெரிக்க மியூசியத்தில் இருக்கிறது.

ஆனால் ‘எண்ட்ரோடியூசிங்’ பிறந்த சந்தி அதற்குள் கடந்துபோயிருந்தது. அடையாளம் தெரியாத அளவு சிறிய துணுக்காயினும் அனுமதி வேண்டும் என்ற பொருள்பட 2005-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 2016-இல் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மாறாகச் சொல்லும் வரை தொழிலாளிகள் அதன் நிழலிலேயே இருந்தார்கள். எவர் எதிலிருந்து எடுத்தார் என்பதைப் பட்டியலிடும் இணையத் தளங்கள் தோன்றியபின், ரகசியம் என்பதே அரிதாகிவிட்டது. குப்பை விலைக்குக் கிடைத்த தட்டுகளைச் சேகரிப்போர் பொன் விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். டி லா சோலின் ஆரம்பகால ஆல்பங்களோ, சாம்பிள் உரிமைச் சிக்கல்கள் தீர்ந்து இணையத்தில் கேட்கக் கிடைத்தது 2023 மார்ச்சில்தான்.

இனி முதலில் எழுந்த வாதத்துக்கு வரலாம். நம் இலக்கண நூலார் தொகுத்தலையும் நூல் செய்யும் வகைகளுள் ஒன்றாக வைத்து எண்ணினார்கள்; அதைச் செய்தவனை ஆசிரியன் என்றே அழைத்தார்கள். அந்த அளவுகோலின்படி ஷாடோ ஆசிரியரே என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் எடுத்த மூலங்கள் எல்லாவற்றையும் ஒரு மேஜைமேல் வைத்து வேறொருவரிடம் கொடுத்தால், இந்த ஆல்பம் வராது. அதே சமயம், ஆசிரியர் என்ற பட்டம் கடனைத் தீர்த்துவிடாது. ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ தட்டில் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் வாசித்த பிரேக், இத்தொழிலில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்டவற்றுள் ஒன்று. பாட்டின் உரிமை தம் பெயரில் இல்லாமையால், அதன் பலனைக் காணாமலே அவர் 2017-இல் மறைந்தார். சட்டம் மெட்டுக்குச் சொந்தக்காரரைக் கண்டது. பதிவுக்குச் சொந்தக்காரரைக் கண்டது. தாளத்தை உண்டாக்கிய கையைக் காணவில்லை. அதே 2017-இல் மறைந்த ஆக்ஸல்ராடின் விஷயம் வேறு விதமாக முடிந்தது: இளம் புரொட்யூசர்கள் எடுத்தாண்டு எடுத்தாண்டு அவருடைய பெயர் மறுபடி பிரபலமாகவே, 1968-இல் தொடங்கிக் கைவிட்ட பதிவுகளைக் கொண்டு அவர் முடித்த ஆல்பத்தை 2001-இல் மோ வாக்ஸ் கம்பெனியே வெளியிட்டது.

‘எண்ட்ரோடியூசிங்’கின் உறையில் பெயர் அச்சானவர் சிலர், பெயரின்றிக் கலந்தவர் பலர். சட்டம் இவர்களுடைய வழக்கைத் தீர்க்க முயன்றபோது பெரும்பாலும் கம்பெனிகளுக்கும் கம்பெனிகளுக்கும் இடையே தீர்த்ததேயன்றி, வாசித்தவருக்கும் கேட்டவருக்கும் இடையே தீர்க்கவில்லை. ஆக்ஸல்ராடுக்குக் கிடைத்ததைப் போன்ற கைம்மாறு, கேட்டவர் நன்றியுள்ளவராக இருந்ததால் நேர்ந்ததே ஒழிய, எந்தத் தீர்ப்பினாலும் நேர்ந்ததன்று. அனுமதி கேட்கும் ஏற்பாடு எத்தனை கடுமையானாலும், ஸ்டபில்ஃபீல்ட் போன்றவர்களுக்கு ஒரு காசும் சேர்க்காத வரை, அதை நியாயம் என்று சொல்வதற்கில்லை. அனுமதியே வேண்டாம் என்று வாதிப்பவர்களும் அவர்களுக்கு என்ன சேரும் என்று சொல்லாத வரை, அவர்கள் பேசுவது தங்கள் சௌகரியத்தையேயன்றிக் கலையின் சுதந்திரத்தை அன்று.